கர்ப்பிணிகளுக்கு ‘சிகரெட்டைக் குறைத்துக்கொண்டால் போதும்’ என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு அளிக்கப்பட்ட பதிலைப் படித்தோம். அவர் நாளுக்குப் பத்து சிகரெட் பிடிப்பவர். “மூன்று மாதம் தாண்டிவிட்டதால் குழந்தையின் உறுப்புகள் உருவாகி முடிந்திருக்கும். இப்போது சட்டென்று நிறுத்தினால் உடல் தாங்காது. மூன்று, நான்கு என்று குறைத்துக்கொண்டால் போதும்” என்பது பதிலின் சாரம். மூன்று வாக்கியங்களில் கடைசி இரண்டும் தவறு. முதலாவது பாதி உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. கேட்டவர் ஒருவர்தான் என்றாலும், அதே கேள்வியை வாய்விட்டுக் கேட்க முடியாமல் அந்தப் பதிலைப் படித்தவர்கள் பலர் இருப்பார்கள். ஆகவே அதே பகுதியில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறோம். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ‘குறைத்தால் போதும்’ என்பதை எடுத்துக்கொள்வோம். கேட்பதற்கு நடைமுறைக்கு ஒத்துவருவதாகத் தோன்றுவதால் இதுதான் மூன்றிலும் அதிகக் கெடுதல் செய்வது. பழக்கப்பட்ட மூளை சிகரெட்டுகளின் எண்ணிக்கையைக் கணக்கு வைப்பதில்லை. அதற்கு வேண்டியது ரத்தத்தில் குறிப்பிட்ட அளவு நிகோடின். பத்தை நான்காகக் குறைத்தவர், தம்மையறியாமலே ஒவ்வொன்றையும் ஆழமாக இழுப்பார், புகையை நெஞ்சில் கூடுதல் நேரம் நிறுத்துவார், முன்பெல்லாம் பாதியில் அணைத்ததைக் கடைசிவரை பிடிப்பார். எண்ணிக்கை பாதிக்கும் கீழே போயிருக்கும். ஆனால் மூச்சுக்காற்றில், புகையிலுள்ள நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடையும் சிறுநீரில் கோட்டினினையும் அளந்து பார்த்தால் அவை அந்த விகிதத்தில் இறங்கியிருக்காது. கோட்டினின் என்பது நிகோடின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள். ‘லைட்’ சிகரெட்டுக்கு மாறுகிறவர்களின் கதையும் இதுவே. அதன் ஃபில்டரைச் சுற்றி நுண்ணிய துளைகள் இருக்கும். பரிசோதனைக்கூட இயந்திரம் உறிஞ்சும்போது அவற்றின் வழியே காற்று நுழைந்து புகை நீர்த்துப்போகும். மனிதர் பிடிக்கும்போது விரலும் உதடும் அந்தத் துளைகளை மூடிவிடும்.

கர்ப்பிணிகளுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கர்ப்பகாலத்தில் கல்லீரல் நிகோடினை வழக்கத்தைவிட வேகமாக வெளியேற்றுகிறது. வெளியேறும் வேகம் ஏறக்குறைய 60 சதவீதம் கூடுகிறது. கோட்டினின் பாதியாகக் குறைய மற்றக் காலத்தில் சுமார் 17 மணி நேரம் ஆகும் என்றால், கர்ப்பகாலத்தில் சுமார் 9 மணி நேரமே ஆகும். அதாவது, ஒரு சிகரெட் தரும் நிறைவு சீக்கிரமே தீர்ந்துபோய் அடுத்ததற்கான தவிப்பு முன்னதாகவே வந்துவிடும். ‘வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டும் விட முடியவில்லையே, என்ன தாய் இவள்’ என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விடுவது மிகவும் அவசியமாக இருக்கும் காலத்தில்தான் உடலும் அதைக் கடினமாக்கிவைக்கிறது. பிள்ளைப் பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று. பாதிப்பு எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. பிறப்பு எடையைப் பொறுத்தவரை முதல் சில சிகரெட்டுகளில்தான் செங்குத்தான சரிவு ஏற்படுகிறது. அதற்கு மேல் கூடக்கூடச் சரிவு தட்டையாகிவிடுகிறது. தூக்கத்தில் திடீரெனக் குழந்தை இறந்துபோகும் ஆபத்து, கர்ப்பகாலத்தில் நாளுக்கு ஒன்று பிடித்தாலே சுமார் இரண்டு மடங்காகிறது. ஆக, பத்திலிருந்து நான்குக்கு வருவதில் குழந்தைக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். நான்கிலிருந்து பூஜ்யத்துக்கு வருவதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. உங்கள் பதில் அந்தப் பெண்ணைச் சரியாக அந்த இடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

புகையில் 7,000-க்கும் அதிகமான வேதிப்பொருட்கள் இருப்பதாகச் சொல்வார்கள். பட்டியலை விடுவோம், கருவைப் பொறுத்தவரை முதலில் புரிந்துகொள்ள வேண்டியது கார்பன் மோனாக்சைடு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலிமை கொண்டது இது. கரு இயல்பிலேயே குறைந்த ஆக்சிஜனில் வளர்வது. தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதற்கென்றே அதன் ஹீமோகுளோபின் கூடுதல் பிடிப்புடன் அமைந்திருக்கிறது. அந்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்துகொள்கிறது. தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் கருவின் ரத்தத்தில் அதன் அளவு 10 முதல் 15 சதவீதம் அதிகமாகவே தங்குகிறது. தாயின் ரத்தத்தில் இது பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். கருவுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சிகரெட் என்றால் முந்தையது வெளியேறுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. காலையிலிருந்து சேர்ந்து சேர்ந்து மாலையில்தான் அளவு உச்சத்துக்குப் போகும்.

இதையே திருப்பிப் பாருங்கள். கடைசி சிகரெட்டை அணைத்து ஒரு நாள் முழுதாகக் கடந்தால், கார்பன் மோனாக்சைடு அநேகமாகப் போய்விட்டிருக்கும். கர்ப்பகாலத்தில் ஒரு பெண் செய்யக்கூடிய மாற்றங்களில் இவ்வளவு சீக்கிரம் கருவின் ரத்தத்தில் பலன் தெரிபவை குறைவு. விடுவதன் பலனைச் சொல்லும்போது ‘பிற்காலத்தில் புற்றுநோய் வராது’ என்று தொடங்குவதைவிட, ‘நாளை இந்நேரம் உங்கள் பிள்ளைக்கு ஆக்சிஜன் கூடியிருக்கும்’ என்று தொடங்குவதே மேல்.

நிகோடினின் வேலை வேறு மாதிரி. ரத்தக் குழாய்களைச் சுருக்கி, கருப்பைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போகும் ஓட்டத்தைக் குறைக்கிறது. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவின் மூளைக்கும் நுரையீரலுக்கும் போகிறது. இந்தக் குழந்தைகளுக்குப் பிற்பாடு இழுப்பு வருவது அதிகமாக இருப்பதற்கு, மூச்சுக்குழாய்கள் கருவிலேயே குறுகலாக அமைந்துவிடுவது ஒரு காரணம். புகையில் உள்ள காட்மியம் என்ற நச்சு உலோகம் நஞ்சுக்கொடியில் படிந்து, குழந்தைக்குப் போகவேண்டிய துத்தநாகத்தை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. இவையெல்லாம் சேர்ந்துதான் பிறப்பு எடை சராசரியாக 150 முதல் 250 கிராம் வரை குறைகிறது. 2,500 கிராமுக்குக் கீழ் பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. குறைப்பிரசவம், பனிக்குடம் முன்கூட்டியே உடைதல், நஞ்சுக்கொடி கீழிறங்கி இருத்தல், பிரசவத்துக்கு முன்பே அது பிரிந்து ரத்தம் கொட்டுதல், கருப்பைக்கு வெளியே கரு தங்குதல், வயிற்றிலேயே குழந்தை இறத்தல் என எல்லாவற்றிலும் ஆபத்து கூடுகிறது. இது நேற்றுக் கண்டுபிடித்ததும் அல்ல. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ பகுதியில் ஏழாயிரத்துச் சொச்சம் பிரசவப் பதிவுகளைத் திரட்டி, புகைபிடித்த தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தைகள் சுமார் இரு மடங்கு பிறந்ததை வினியா சிம்ப்சன் 1957-லேயே வெளியிட்டுவிட்டார்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புகைபிடிப்பவர்களுக்குக் கர்ப்பகால ரத்த அழுத்த நோயான ப்ரீஎக்ளாம்ப்சியா குறைவாக வருவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது உண்மைதான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ‘நல்லதும் இருக்கிறதே’ என்று வாதம் செய்கிறவர்கள், அதே பெண்களுக்கு அந்த நோய் வந்துவிட்டால் குழந்தையின் கதி மற்றவர்களுடையதைவிட மோசமாகிறது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

சரி, ‘மூன்று மாதம் தாண்டிவிட்டது’ என்பதற்கு வருவோம். உதடு, மேலண்ணம் போன்றவை முதல் மூன்று மாதத்துக்குள் உருவாகி முடிகின்றன என்பது சரி. உதட்டுப் பிளவு விஷயத்தில் பிந்தி நிறுத்துவதால் பலன் இல்லை. எடை அப்படியல்ல. குழந்தை பெரும்பகுதி எடையைப் போடுவது கடைசி மூன்று மாதத்தில். அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் 1990-ஆம் ஆண்டு அறிக்கை இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லியது. முதல் மூன்று, நான்கு மாதத்துக்குள் நிறுத்தியவர்களின் குழந்தைகள், புகையே பிடிக்காதவர்களின் குழந்தைகளுக்கு இணையான எடையில் பிறக்கின்றன. 30-ஆவது வாரம் வரை எப்போது நிறுத்தினாலும், கடைசிவரை தொடர்ந்தவர்களின் குழந்தைகளைவிட எடை கூடுகிறது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் முதல் பிரசவக்காரர்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், 15-ஆவது வாரத்துக்கு முன் நிறுத்தியவர்களுக்குக் குறைப்பிரசவமும் வளர்ச்சி குன்றலும் புகைபிடிக்காதவர்களுக்கு வந்த அளவில்தான் வந்தன. உங்கள் வாசகி ஐந்து மாதம், அதாவது 20 வாரம். 15-ஐத் தவறவிட்டாலும் 30-க்கு இன்னும் பத்து வாரம் கையில் இருக்கிறது. 34-ஆவது வாரத்தில் வருகிறவரிடமும் நிறுத்தத்தான் சொல்வோம். பிரசவ வலியின்போது ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இல்லாமல் இருப்பதே பெரிய விஷயம்.

இதோடு ஒட்டிய இன்னொரு பேச்சும் உண்டு: ‘குழந்தை சின்னதாக இருந்தால் பிரசவம் சுலபம்.’ 200 கிராம் குறைவதால் பிரசவம் லேசாகிவிடாது. கருப்பை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போவது கொஞ்ச நேரம் தடைபடும். நன்றாக வளர்ந்த குழந்தை அதைச் சமாளிக்கும். ஊட்டம் போதாமல் எடை குறைந்த குழந்தைக்கு அந்த இருப்பு கிடையாது. இதயத்துடிப்பு இறங்கி, அவசர அறுவைச் சிகிச்சையில் முடிகிற பிரசவங்களில் இப்படிப்பட்ட குழந்தைகள் நிறைய.

‘சட்டென்று நிறுத்தினால் உடல் தாங்காது’ என்ற பயம் அநேகமாக மதுவைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து வந்திருக்க வேண்டும். பெருங்குடிகாரர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பது உண்மை. நிகோடினில் அப்படி எதுவும் இல்லை. நிகோடின் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் இரண்டு மணி நேரம். கர்ப்பிணிக்கு அதைவிடக் குறைவு. ஏழெட்டு மணி நேரம் தூங்கி எழும் எந்தப் புகைபிடிப்பவரும் ஒவ்வொரு இரவும் நிகோடினைப் பெருமளவு வெளியேற்றித்தான் விடிகிறார். குழந்தைக்கு அதனால் எந்தக் கெடுதலும் நேர்வதில்லை. நிறுத்தியபின் வருவதெல்லாம் தாய்க்குத்தான்: எரிச்சல், படபடப்பு, தூக்கக் குறைவு, கவனம் சிதறல், பசி. இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆபத்தில்லை என்பதற்காக லேசானது என்று சொல்ல மாட்டோம். அந்த மூன்று நாளை முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

எப்படி? மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று வாரம் தள்ளி நாள் குறிக்கச் சொல்வதுண்டு. கர்ப்பிணிக்கு அவ்வளவு நேரம் இல்லை. இரண்டு நாள் போதும். அந்த இரண்டு நாளும் ஒரு தாளில், பற்றவைப்பதற்கு முன் மணியையும், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் எழுத வேண்டும். சும்மா எழுதினால் போதும், குறைக்க முயல வேண்டாம். எழுதிப் பார்த்தால் பத்தில் மூன்று, நான்கு மட்டுமே உண்மையான தவிப்பால் பிடித்தவை, மீதி சாப்பிட்டவுடன், போன் பேசும்போது, வேலைக்கு நடுவே எழுந்து போகும்போது என்று இடத்தோடு ஒட்டிக்கொண்டவை என்பது பிடிபடும். தவிப்பால் பிடிப்பவற்றுக்கு மருத்துவ உதவி தேவைப்படலாம். இடத்தோடு ஒட்டியவற்றுக்கு இடத்தை மாற்றினாலே போதும். காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர் என்றால் பிடிப்பு பலமானது. அவரிடம் மன உறுதியை மட்டும் எதிர்பார்த்து அனுப்பிவைப்பது வீண்.

குறித்த நாளுக்கு முந்தைய இரவே பாக்கெட், லைட்டர், சாம்பல் தட்டு எல்லாம் வீட்டைவிட்டுப் போக வேண்டும். ‘அவசரத்துக்கு ஒன்று’ என்று ஒளித்துவைத்தது அவசரம் இல்லாமலே எடுக்கப்படும். ஒரு தவிப்பு அலை சாதாரணமாக மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் நீடிக்கும். அந்த நேரத்தில் இருக்கும் இடத்தைவிட்டு எழுந்து வேறிடம் போவது, குளிர்ந்த நீரைச் சிறுசிறு மிடறாகக் குடிப்பது, பல் துலக்குவது, கைக்கு வேலை கொடுப்பது என எதுவாக இருந்தாலும் சரி, ஐந்து நிமிடம் கடந்தால் போதும். வெறும் வயிற்றில் தவிப்பும் குமட்டலும் ஒன்றோடொன்று கலந்து தெரியும். எது எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் பலர் சிகரெட்டை எடுத்துவிடுகிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சிறிதளவு சாப்பிடுவது இரண்டுக்குமே உதவும்.

பலரும் கவனிக்காத ஒரு வில்லங்கம் காபியில் இருக்கிறது. புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலில் காஃபினைச் சிதைக்கும் நொதியை முடுக்கிவைத்திருக்கும். புகையை விட்டதும் அந்த முடுக்கம் நின்றுவிடும். கர்ப்பம் தன் பங்குக்கு அதே நொதியை மந்தமாக்குகிறது. அதனால் வழக்கமாகக் குடிக்கும் அதே காபி, ரத்தத்தில் முன்பைவிட அதிக நேரம் தங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வருவதில்லை, கை நடுங்குகிறது. ‘சிகரெட் இல்லாமல் என்னால் முடியவில்லை’ என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்கிறார். நிறுத்தும் நாளிலேயே காபி, டீயைப் பாதியாக்கிவிட வேண்டும். கர்ப்பகாலத்தில் காஃபின் நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது எப்படியும் உள்ள வரம்புதான். மலச்சிக்கலும் வரும், நிகோடின் குடலைத் தூண்டிக்கொண்டிருந்தது நின்றுபோனதால் வருவது அது. முதல் வாரம் இருமலும் சளியும் கூடுவதைப் பார்த்துப் பயந்து திரும்பப் பிடிப்பவர்களும் உண்டு. மூச்சுக்குழாய் தன்னைத் துப்புரவு செய்துகொள்ளும் வேலை அது.

ஆலோசனையும் முயற்சியும் மட்டும் போதாதவர்களுக்கு புகையில்லாமல் நிகோடினை மட்டும் தரும் பேட்ச் (தோலில் ஒட்டுவது), சூயிங்கம் பற்றிய கேள்வி எழும். இதில் உலகம் ஒரே குரலில் பேசவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், கர்ப்பிணிகளுக்கு இவற்றைக் கொடுக்கலாம் என்றோ கூடாது என்றோ முடிவு சொல்லவில்லை. புகையை விட உதவும் பூப்ரோபியான், வாரெனிக்லின் மாத்திரைகளைத்தான் கர்ப்பகாலத்தில் பரிந்துரைக்கவில்லை என்றது. பிரிட்டனில் பேட்சும் கம்மும் மருத்துவ மேற்பார்வையில் வழக்கமாகவே கொடுக்கப்படுகின்றன. எங்கள் கருத்து இது: நிகோடின் கருவுக்கு நல்லதல்ல. ஆனால் பேட்சில் கார்பன் மோனாக்சைடு இல்லை, காட்மியம் இல்லை, தார் இல்லை. தொடர்ந்து புகைப்பதா, பேட்சா என்ற நிலையில் பேட்ச் சந்தேகமில்லாமல் மேல். புகையில்லாமலே இருக்க முடிகிறவருக்கு அது தேவையில்லை. முடிவு செய்ய வேண்டியவர் அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவர். தானே கடையில் வாங்கி ஒட்டிக்கொள்ளக்கூடாது.

கொடுத்தபின் தோற்பதற்கு மருந்து காரணமாக இருப்பது குறைவு. பயன்படுத்தும் விதமே பெரும்பாலும் காரணம். பிரிட்டனில் ஆயிரம் பேருக்கு மேல் பங்கேற்று 2012-இல் வெளியான பேட்ச் ஆய்வில், நிகோடின் பேட்ச் பெற்றவர்களுக்கும் நிகோடின் இல்லாத போலிப் பேட்ச் பெற்றவர்களுக்கும் இடையே, பிரசவம்வரை விட்டவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நிகோடின் பேட்ச் கொடுக்கப்பட்டவர்களில் ஒரு மாதத்துக்கு மேல் அதை ஒட்டியவர்கள் 7.2 சதவீதம் மட்டுமே. ‘குழந்தைக்கு ஆகாதோ’ என்ற பயத்தில் பேட்சைக் கழற்றிவிட்டு சிகரெட்டைப் பற்றவைப்பது வழக்கமாக நடப்பது. அத்தோடு, கர்ப்பிணியின் உடல் நிகோடினைச் சீக்கிரம் தீர்த்துவிடும் என்று மேலே சொன்னோமே, அதனால் வழக்கமான அளவு போதாமல் தவிப்பு தீராமல் இருக்கும். அதைப் பார்த்து ‘இது வேலைக்காகாது’ என்று விட்டுவிடுவார்கள். தவிப்பு குறையவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் பேட்சைக் காலையில் ஒட்டி, தூங்கும்முன் எடுத்துவிட வேண்டும். மறுநாள் வேறு இடத்தில், முடியில்லாத உலர்ந்த தோலில் ஒட்ட வேண்டும். நிகோடின் கம் சாதாரணச் சூயிங்கம் அல்ல. விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். காரச் சுவை தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். சுவை மங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். அதற்குக் கால் மணி நேரம் முன்னால் காபியோ புளிப்பான பானமோ குடித்திருந்தால் வாயின் வழியே நிகோடின் ஏறாது.

புகை இல்லை என்பதற்காக மெல்லும் புகையிலைக்கு மாறுவது தீர்வல்ல. கார்பன் மோனாக்சைடு இல்லாவிட்டாலும், அதைப் பயன்படுத்துவோருக்கும் குறைப்பிரசவமும் வயிற்றில் குழந்தை இறப்பதும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மின்சிகரெட்டைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். நிகோடின் அதிலும் உண்டு. அளவு பொருளுக்குப் பொருள் மாறும். கர்ப்பிணிக்கு முதல் யோசனையாக அதைச் சொல்லமாட்டோம்.

வீட்டில் இன்னொருவர் பிடிக்கிறார் என்றால் இவ்வளவு உழைப்பும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீராகும். அடுத்தவர் புகையைச் சுவாசிக்கும் கர்ப்பிணிகளின் குழந்தைகளுக்கும் சராசரியாக 30 கிராமுக்கு மேல் எடை குறைகிறது. வயிற்றில் குழந்தை இறக்கும் ஆபத்தும் கூடுகிறது. சன்னலைத் திறந்துவைப்பது, மின்விசிறியைப் போடுவது, அடுத்த அறையில் பிடிப்பது எதுவும் உதவாது. வீட்டுக்கும் காருக்கும் வெளியே என்பதே விதி. கணவர் தொடர்ந்தால் மனைவி நிறுத்துவதும் கடினம், நிறுத்தியபின் மறுபடி தொடங்குவதும் எளிது. ஆகவே ஆலோசனைக்கு இருவரையும் சேர்த்தே அழைக்க வேண்டும். கர்ப்பிணிக்கு உள்ளதுபோல் பேட்ச், மாத்திரை எதிலும் அவருக்குத் தடை இல்லை என்பதால் அவர் விடுவது உண்மையில் சுலபம்!

மருத்துவமனைகளுக்கும் ஒரு வார்த்தை. ‘நீங்கள் சிகரெட் பிடிப்பீர்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். அமெரிக்காவில் ரத்தத்தில் கோட்டினின் அளந்து பார்த்தபோது, புகைபிடித்துக்கொண்டிருந்த கர்ப்பிணிகளில் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் அதை மறைத்திருந்தார்கள். கேள்வியை ஐந்து வாக்கியங்களாக எழுதிக் கொடுத்து, பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உண்மை கூடுதலாக வெளிவருகிறது: ஒருபோதும் பிடித்ததில்லை, கர்ப்பத்துக்கு முன்பே விட்டுவிட்டேன், கர்ப்பம் தெரிந்ததும் விட்டேன், குறைத்திருக்கிறேன் ஆனால் விடவில்லை, முன்போலவே பிடிக்கிறேன். நடுவில் உள்ள வாக்கியங்கள்தான் முக்கியம், வெட்கமில்லாமல் தொட முடிகிறவை அவை. மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளக்கும் சிறு கருவியையும் பயன்படுத்தலாம். மூச்சை 15 விநாடி அடக்கி, மெதுவாக முழுவதும் ஊத வேண்டும். பிரிட்டனில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் முதல் பரிசோதனையிலும் 36-ஆவது வாரத்திலும் இதைச் செய்கிறார்கள். 4 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு மூச்சுக்காற்றில் நான்கு பங்கு) அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள். பழுதான எரிவாயு அடுப்பு, வாகனப் புகை ஆகியவற்றாலும் அளவு கூடலாம். பால் செரிக்காதவர்களின் மூச்சில் உள்ள ஹைட்ரஜனைக் கருவி தவறாகக் காட்டிவிடுவதும் உண்டு. எனவே எண்ணைப் பார்த்ததும் ‘பொய் சொல்கிறாய்’ என்று பாயக்கூடாது.

திட்டினால் மறைப்பார்கள்; ஊக்கம் கொடுத்தால் விடுவார்கள். கிளாஸ்கோவில் 600-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 8.6 சதவீதம் பேர் கர்ப்பகால இறுதியில் விட்டிருந்தார்கள். அதோடு அதிகபட்சம் 400 பவுண்டு மதிப்புள்ள கடைச் சீட்டுகளும் தரப்பட்டவர்களில் அது 22.5 சதவீதம். ‘கடமையைச் செய்யக் காசா?’ என்று முகம் சுளிப்பவர்கள், எடை குறைந்த குழந்தை ஒன்றைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் காப்பாற்றும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

நடுவில் ஒன்று பிடித்துவிட்டால்? அது ஒரு சிகரெட், அவ்வளவுதான். அடுத்ததைப் பிடிக்காமல் இருந்தால் ஒரு நாளில் கார்பன் மோனாக்சைடு மறுபடி வெளியேறிவிடும். ‘எல்லாம் போச்சு’ என்று பாக்கெட்டையே முடிப்பதுதான் தோல்வி.

கர்ப்பத்தில் விட்டவர்களில் பாதிப் பேராவது பிரசவத்துக்குப் பின் ஓராண்டுக்குள், அவர்களிலும் பலர் முதல் ஆறு மாதத்துக்குள், மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள். ‘குழந்தைக்காக’ விட்டவர், குழந்தை வெளியே வந்ததும் காரணம் தீர்ந்ததாக நினைக்கிறார். தூக்கமில்லாத இரவுகள் மீதியைச் செய்கின்றன. இதைப் பற்றிப் பேச வேண்டியது பிரசவத்துக்குப் பின் அல்ல, 36-ஆவது வாரத்திலேயே. மீண்டும் தொடங்கிவிட்டவர் தாய்ப்பாலை நிறுத்திவிடக்கூடாது; புகைபிடிக்கும் தாயின் பாலும் புட்டிப்பாலைவிட நல்லது. நிகோடின் பாலில் தாயின் ரத்தத்தில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு சேரும். பாதியாகக் குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே விட முடியாதவர் பால் கொடுத்து முடித்த உடனே, வீட்டுக்கு வெளியே பிடித்து, மேலுடையை மாற்றி, கை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ புகைபிடிப்பவர் என்றால் குழந்தையை ஒரே படுக்கையில் பக்கத்தில் படுக்கவைக்கவே கூடாது. அதே அறையில் தனிப் படுக்கை வேண்டும். தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் ‘மறுபடி சிகரெட் தொடங்கிவிட்டீர்களா’ என்று செவிலியர் தாயிடம் கேட்கலாம். ஊசி போடும் அட்டையில் அதற்கு ஒரு கட்டம் ஒதுக்கினால் கேட்பது மறக்காது.

இப்படிக்கு,
மகப்பேறு மருத்துவர் ஒருவர், புகையிலை நிறுத்த ஆலோசகர் ஒருவர்